உறையாத தயிர்

மச்சாள் சரோஜினிதேவியின் இரண்டு கைகளையும் தன் மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் இருந்தாள் சிவக்கொழுந்து.

எதிரே பால்சட்டி. காலையில் உறைமோர் விட்டு மூடியது. பின்னேரம் வரை யாரும் அசைக்காமல் விட்டால் தயிர்.

போன இரண்டு தடவையும் அது தயிராகவில்லை. திறந்தால் தண்ணீர் பிரிந்து, யாரோ நடுவில் துழாவிவிட்ட மாதிரிக் கிடந்தது.

தெற்கில் இருந்த கடையைத் திரும்பத் திறக்கப் போன அண்ணன் இராசநாயகம் காணாமல் போய் ஏழு வருசம். சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் கனடாவிலிருந்து மூத்தவர் மயில்வாகனம் வந்துவிட்டார். தர்ப்பையில் உருச்செய்தாவது தம்பிக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து முடிக்க வேண்டுமாம்.

அந்தக் குடும்பத்தில் படையலுக்குக் கடைத்தயிர் ஆகாது. செத்தவரின் பெண்சாதி தன் கையால் உறைபோட வேண்டும். கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் வந்த ஐயர் இரண்டு தடவையும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

பால் சூடு கூடிவிட்டது என்றார்கள். மோர் பழசு என்றார்கள். மனுசன் உயிரோடு இருக்கிறார், அதுதான் உறையவில்லை என்று புளியங்கூடல் ஊருக்குள் பாதிப்பேர் அடித்துச் சொன்னார்கள்.

சிவக்கொழுந்து இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நேற்றுக் கதவு இடுக்கால் பார்த்தாள்.

சரோஜினிதேவிதான். மூடியைத் தூக்கி, அகப்பைக் காம்பால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் பூனையைத் திட்டிக்கொண்டு வெளியே போனாள்.

கள்ளி! சிவக்கொழுந்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணும் கலங்கிவிட்டது. தயிர் உறையாத வரைக்கும்தான் அவளுக்குப் புருசன் இருக்கிறான்.

ஆனால் மூத்தவர் நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டும்.

அதனால்தான் இன்று பூனையைத் துரத்தி, கதவுக்குக் கொண்டி போட்டு, இந்தக் காவல். மச்சாள் ஒரு தடவைகூடக் கையை உருவப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கவும் இருவரும் எழும்பவில்லை.

யன்னலால் பின்னேர வெயில் உள்ளே விழுந்தது. சிவக்கொழுந்து ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு மூடியைத் தூக்கினாள்.

ஓரமெல்லாம் கட்டியாய் உறைந்திருந்தது.

நடுவில் ஒரு சுற்று. அதற்குள் தண்ணீர் இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

சிவக்கொழுந்து திரும்பிக் கதவைப் பார்த்தாள். கொண்டி போட்டபடியே இருந்தது.

சரோஜினிதேவி சட்டிக்குள் பார்த்தபடியே இருந்தாள். தண்ணீர் ஓயும் வரை பார்த்தாள். பிறகு, அண்ணன் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

"உயிரோட இருக்கிற மனுசன் எண்டால் கதவைத் தட்டியெல்லோ வந்திருப்பார், மச்சாள். ஐயரை வரச் சொல்லும்."