இடது கால் கோல்

"வலது கால்டா அது. கோல் விழுந்தப்ப நீ குனிஞ்சு கச்சாங் கடலை பொறுக்கிக்கிட்டு இருந்தே. நீ எங்க பார்த்தே?"

குணாளனின் குரல் ஈனமாக வந்தது. வேறு நாளாக இருந்தால் முருகையா கடை மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டிருப்பான். இன்றைக்குக் கையைத் தூக்க முடியவில்லை. லோரியின் ஸ்டியரிங் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. எல்லாம் மண்.

"இடது கால்!" என்றான். வாயில் மண் நறநறத்தது. "ஏழாம் நம்பர் இடது காலாலதான் அடிச்சான். குணா, கேக்குதா? டேய்!"

மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி கத்தினான்.

தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குத் திரும்பும் வழியில், ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் பாய்ந்தது. "இறங்கிப் போயி ஆழம் பாருடா" என்று குணாளனை இறக்கிவிட்டது அவன்தான். குணாளன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்ததுதான் கடைசியாகக் கண்ணில் பட்டது. அடுத்த நொடி மேலே இருந்த தேயிலைச் சரிவு அப்படியே பெயர்ந்து வந்தது.

லோரிக்குள் இருந்தவனுக்காவது மேலே தகரம் இருந்தது. வெளியே நின்றவனுக்கு என்ன இருந்தது?

மண் மூடியதும் முதலில் எல்லாம் அடங்கிக் கிடந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய, முருகையாவுக்கும் கண் சொருகிச் சுகமாகத்தான் வந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முருகு... கழுத்து வரைக்கும் மண்ணுடா. தூக்கமா வருது. ஏதாச்சும் பேசிக்கிட்டே இருலா. இல்லேன்னா தூங்கிருவேன்."

தூங்கினால் அவ்வளவுதான். சொருகிய கண் தானாகத் திறந்துகொண்டது. என்ன பேசுவது? அவர்கள் இருவரும் பேசிச் சலிக்காதது ஒன்றே ஒன்றுதான். ஈப்போ அணி கொடிகட்டிப் பறந்த காலம், அந்த அரையிறுதி ஆட்டம்.

"அன்னிக்கி எதுல போனோம், சொல்லு" என்றது குரல்.

"கோஸ் லோரியிலடா! முட்டைகோஸ் மூட்டை மேல உக்காந்து போனோம். தாப்பா வளைவுல நீ என் புதுச் சட்டையிலயே வாந்தி எடுத்தே."

"கூட்டம் இருந்துச்சா?"

"கூட்டமா? வெளிய மரத்துல ஏறக்கூட இடம் இல்லே. ஈப்போவுல ஆடணும்னா அப்ப எவனா இருந்தாலும் வயித்தக் கலக்கும்லா. இப்ப போனா நம்ம நிழல்தான் பக்கத்து சீட்டுல உக்காருது."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. உடனே இருமல். அப்புறம் அந்தச் சத்தம்.

கரக்... கரக்...

குணாளன் பேசாத போதெல்லாம் அந்தச் சத்தம் வந்தது. மண் இன்னும் இறங்குகிறது. ஒவ்வொரு கரக்குக்கும் முருகையாவின் உடம்பு விறைத்தது. கழுத்தில் நிற்கிற மண் ஒரு சாண் ஏறினால் போதும்.

"அசையாதடா குணா! மண்ணு இறங்குது, எனக்குக் கேக்குது!"

"நான் அசையலே." மூச்சு வாங்கியது. "நீ கதைய விடாத. கடைசி நிமிசம் பந்து யாருக்குப் போச்சு? மறந்துட்டியா?"

கடையில் இந்தக் கதையை அடுத்தவன் வாய்க்கு விடவே மாட்டான் குணாளன். அவனே கேட்டுத் தெரிந்துகொள்கிறான் என்றால், நினைவு தப்புகிறது. முருகையாவுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே கதையில் மூலையிலிருந்து பந்தை எடுத்து வந்தான், இரண்டு பேரை ஏமாற்றினான், ஏழாம் நம்பரின் இடது காலில் கொண்டுபோய் வைத்தான்.

"கோல்!" என்று கத்தினான். "குணா, கோல்டா!"

குரல் வரவில்லை. கரக் சத்தமும் நின்றுவிட்டது.

"குணா! டேய், வலது கால்தான்டா! நீ சொன்னதுதான் சரி! வாயைத் திற!"

தலைக்கு மேல் தகரம் கிழிந்தது. வெளிச்சமும் மழையும் ஒன்றாக முகத்தில் விழுந்தன. பொம்பா தீயணைப்பு ஆட்கள் அவனை இழுத்தெடுத்துத் தூக்குப்படுக்கையில் கட்டினார்கள்.

"என்னை விடுங்க! கீழ ஒருத்தன் இருக்கான், கழுத்து வரைக்கும் மண்ணு! அவன எடுங்க!"

யாரும் லோரிக்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். முருகையாவுக்குப் புரிந்துவிட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

மழை படாமல் ஒரு கை அவன் நெற்றிக்கு மேல் குடைபிடித்தது. கண் திறந்து பார்த்தான். மண்ணைத் தோண்டித் தோண்டி, விரல்களில் ஒன்றில்கூட நகம் முழுசாக இல்லை. சேறும் ரத்தமுமாகச் சொட்டியது.

"இடது கால்தான்டா" என்றது பழகிய குரல். "தூங்கப் பார்த்தது நான் இல்லே, நீ."