கையை எடுத்தால்

சபரிநாதன் உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே மாட்டிய கம்ப்யூட்டர், வேலைக்கு நடுவே அணைந்து அணைந்து போனது. பவர் சப்ளையை மாற்றினான். மதர்போர்டை மாற்றினான். கடைசியில் வீட்டின் எர்த் கம்பியையும் மாற்றிப் பார்த்தான். கொழிஞ்சாம்பாறைக் கம்ப்யூட்டர் கடைக்காரரும் கைவிரித்துவிட்டார்.

அன்று காலை மூடியைக் கழற்றிவிட்டு அதன் இரும்புச் சட்டத்தில் கை வைத்தான். கை இருக்கும்வரை ஓடியது. எடுத்ததும் அணைந்தது.

"ஏனுங்க, தோசை ஆறுதுங்க," என்று மனைவி யோகப்பிரியா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"நீ வந்து இதச் சித்த புடி. தின்னுபோட்டு வந்தர்றேன்."

அவள் வந்து சட்டத்தில் கை வைத்தாள். அவன் எடுத்தான். ஓடியது. அவளும் எடுத்துப் பார்த்தாள். அப்போதும் ஓடியது.

"சரியாயிருச்சுங்க. நான் போயிச் சட்னிய..." என்றவள் அப்படியே நின்றாள். கண் இமைக்கவில்லை.

பதறிப்போய் அவள் தோளைத் தொட்டான்.

"...தாளிச்சுரட்டுங்களா?" என்று முடித்தாள்.

கையை எடுத்தான். மறுபடியும் நின்றாள்.

அதன்பின் கம்ப்யூட்டர் அணையவே இல்லை. அவன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை பார்த்தான். சந்தைக்கும் இருவரும் கைகோத்தபடியே போனார்கள்.

"ஒரு நிமிசம் கைய உட மாட்டீங்களா? கண்ணு பட்டுரும் சாமி," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பழனாத்தாள்.

யோகப்பிரியா வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டாள். சபரிநாதனுக்குக் கை மரத்துக்கொண்டு வந்தது.