மேற்பார்வை

"பாக்டீரியாவுக்கும் நம்ம ஆபீஸ் காத்து அடிச்சிருச்சா?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார் ஆய்வுக்கூட இயக்குநர்.

சுரங்கத் தண்ணீரில் கரைந்திருக்கும் யுரேனியத்தைப் பாக்டீரியா கறுப்பு வண்டலாக மாற்றிப் படிய வைக்க வேண்டும். மாதக்கணக்காகியும் பாட்டிலில் தண்ணீர் அதே மஞ்சளாகத்தான் இருந்தது.

"சார், அது வந்து..."

"சாக்கு சொல்லாதீங்கம்மா. தினமும் நானே வந்து பாக்கறேன், அதுங்களுக்குப் பயமே இல்லை. இந்த மாசத்துக்குள்ள மாறலைன்னா ஆராய்ச்சியை நிறுத்திடுவேன்."

வழக்கம்போல மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

மறுநாளே அவர் மனைவி அவரைப் பிடிவாதமாகச் சுற்றுலாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தவர் பாட்டிலைப் பார்த்து மலைத்துப்போனார். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் கறுப்பு வண்டல்.

"நான் போட்ட சத்தம் வீண்போகலை பாத்தீங்களா?" என்று பெருமையாக மூடியில் கை வைத்தார்.

நான் பாய்ந்து தடுத்தேன். "திறக்காதீங்க சார். காத்து பட்டா அதுங்க வேலை செய்யாது. படிஞ்ச வண்டலும் மறுபடி கரைஞ்சிடும். தினமும் இதைத்தான் சொல்ல வந்தேன்."

அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"நல்லவேளை, என் வீட்டுக்காரம்மா சரியான நேரத்துல டூர் கூட்டிட்டுப் போனா."

"டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான் சார்."