பச்சை நுனி

மூன்று பக்கமும் பார்த்துவிட்டு, தோட்டக்காரர் மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஆபீஸர் அம்மா வருவதற்குள் நாற்பது பேரையும் முடித்தாக வேண்டும்.

நாற்பது பேரும் கத்தி மாதிரி இலை நீண்ட கிளாடியோலஸ் பூச்செடிகள். செங்கல் சூளைக்கும் தோட்டக்காரருடைய அக்காவின் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவே, புகை நேராக வந்து விழும் வேலியோரத்தைத் தேடிப் பிடித்து ஆபீஸர் அம்மா நட்டவை. "ஒரு இலை விடாம பாத்துக்கோங்க" என்று சொல்லி, இவரைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டுப் போனார்.

எட்டே நாளில் நுனியெல்லாம் தீய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினார், எரு வைத்தார், செடிகளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவருக்குக் கொட்டிய வேர்வையில் இன்னொரு தோட்டம் விளைந்திருக்கும்.

அன்று பிடித்தார் கத்தரிக்கோலை. ஆபீஸர் அம்மா வரும் நாளிலெல்லாம் கருகியதை நறுக்கி, மாப்பிள்ளைக்கு மீசை ஒதுக்குவது போல் கூராக்கிவிடுவார். இன்றும் நாற்பதாவது செடியை முடித்து நிமிர்ந்தார்.

"டேய்!"

வேலிக்கு அப்பால் அக்கா. அவர் கத்தரிக்கோலை மடியில் சொருகிய வேகத்தில் வயிறு கிழியாதது அதிர்ஷ்டம்.

"என் கொடியில இலை ஓரமெல்லாம் கருகி, பிஞ்சு கொட்டுது. உன் செடி மட்டும் எப்படிடா பச்சையா நிக்குது?"

"நீ திட்டிக்கிட்டே தண்ணி விடுவ. அது பயந்து கருகுதுக்கா."

"சிரிக்காதடா. சூளை மேல கொடுத்த புகாருக்கு இன்னிக்கு முடிவு சொல்றாங்க. தோத்தா தோட்டத்தை வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

அதற்குள் ஆபீஸர் அம்மா வந்துவிட்டார். ஆளுயரம் பூத்துக் கிடந்த பூக்களை வழக்கம்போல் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இலை இலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தோட்டக்காரரின் நெஞ்சு அடித்த அடி சூளைவரை கேட்டிருக்கும்.

"ஒரு நுனிகூடக் கருகலையே" என்றார் ஆபீஸர் அம்மா.

தோட்டக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபீஸர் அம்மா அக்காவிடம் திரும்பினார்.

"சூளை மேல தப்பில்லம்மா. புகையில ஃபுளோரைடு விஷம் இருந்தா, முதல்ல கருகுறது இந்த இலை நுனிதான். புகாரை மூடிடறேன்."

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டக்காரர் ஆபீஸர் அம்மாவின் முன்னால் ஓடி வந்து நின்றார். "அம்மா... பாத்துக்கோங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. கருகுதான்னு பாத்துக்கோங்கன்னு சொன்னேன்."