நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மங்கையர்க்கரசி தன் கணவரின் புத்தகத்தை மடியில் விரித்து, அழுதுகொண்டே வாசித்தாள். சோபாவிலும் தரையிலுமாக உட்கார்ந்து குடியிருப்புப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூன்று மணிக்கு தேஹு ரோடு ஸ்டேஷனில் சந்தித்தோம். ஒரே ஒரு வடா பாவ் வாங்கிப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம். மிளகாயை மட்டும் அவளுக்கே கொடுத்துவிடுவேன்."

அதற்குமேல் வாசிக்க முடியாமல் மூடிவைத்தாள்.

மறுநாளே பூனாவின் ஆகுர்டி குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. ராணுவ டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசுதேவன், தன் கள்ளக்காதலைத் தானே எழுதி அச்சடித்திருக்கிறார்.

எட்டு மாதமாக அந்தச் சுயசரிதை கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அட்டையிலேயே 'இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை' என்று போட்டிருந்தார். யார் வாங்குவார்கள்? இலவசமாகக் கொடுத்த பிரதியைப் பக்கத்து வீட்டு ஷீலா வாஷிங் மெஷின் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தாள். யோக்கியன் கதைக்கு அவ்வளவுதான் மரியாதை. கெட்டுப்போனவன் என்றதும் லிஃப்ட் வரைக்கும் வரிசை.

வாசுதேவன் அரண்டுபோனார். மனைவி வாசித்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது, டிப்போவில் தார்ப்பாய்களை எண்ணி அடுக்கிய கதை. வந்தவர்களை உட்காரவைத்து அதை உரக்க வாசித்துக் காட்டினார்.

அவர்கள் எல்லாம் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஒரு எழுத்து படிக்க வராது, அதில் வெட்கமும் கிடையாது. மங்கையர்க்கரசியை வாசிக்கச் சொன்னதே அதனால்தான்.

"அங்கிள், நீங்க ஸ்கிப் பண்றீங்க" என்றாள் ராஜி. "ஆன்ட்டி படிச்சப்ப தார்ப்பாயே வரல."

"ஏம்மா, மூணு மணிக்கு நான் டிப்போக்குள்ள இருப்பேன். அஞ்சு மணிக்குச் சங்கு ஊதாம கேட்டையே திறக்க மாட்டான்."

"நம்புறோம் அங்கிள். இங்க ஒரு சைன் போடுங்க."

அவர் மறுக்க மறுக்கப் புத்தகம் விற்றது. கட்டிலுக்கடி காலியானது. யூடியூப்காரன் ஒருவன் வந்து, அந்த அம்மாளின் பெயரின் முதல் எழுத்தையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினான். ஹிஞ்சேவாடியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பதிப்பு விழா என்று தமிழ்ச் சங்கம் அழைப்பிதழே அடித்துவிட்டது. 'வாசுதேவன் மனம் திறக்கிறார்' என்று அதில் கொட்டை எழுத்து.

மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றார் அவர். அப்படியானால் ஒரு நாற்காலிகூட நிரம்பாது என்றார் செயலாளர் டேனியல்.

வாசுதேவன் அழைப்பிதழைக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் போட்டார்.

"எழுபது வயசு வரைக்கும் பேரைக் காப்பாத்தி வெச்சிருந்தேன். யாரும் படிக்காட்டிப் போகுது, ஞாயித்துக்கிழமை நீயும் மேடைக்கு வர்ற. ஏன் இப்படி ஒரு பொய்யை வாசிச்சேன்னு உன் வாயாலயே சொல்ற."

மங்கையர்க்கரசி பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"பொய்யில்லீங்க, அது எனக்கு நடந்தது."