மழைக்குழிமேல் ஒரு கார்

அடுக்குமாடியின் காலித் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் குடியிருப்போர் சங்கச் செயலாளர், மாடிப்படியில் தையல்காரம்மா, கதவைத் திறந்துபோட்ட தன் காருக்குள் சங்கத் தலைவர். நாலு நாளாகக் குழாயில் வெறும் காற்றுதான். நாளை செயலாளரின் மகள் பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். தண்ணீர் லாரி கேட்கும் மனுவில் தேதி, பொருள் எல்லாம் முறையாகப் போட்ட செயலாளர், கடைசிக் கேள்வியில் நிற்கிறார்: மழைநீர் சேகரிப்புக் குழி இயங்குகிறதா? “இயங்குதுன்னு போடுங்க சார். இல்லேன்னா லாரி வராது,” என்கிறார் தலைவர். “குழிமேலதானே அண்ணே உங்க காரு படுத்திருக்கு! சிமெண்ட் போட்டு மூடலாம்னு நாமதானே கை தூக்கினோம்?” என்கிறாள் தையல்காரம்மா. செயலாளரின் பேனா ‘ஆம்’ என்று எழுதுகிறது. உறையை ஒட்ட நாக்கை நீட்டுகிறார், அதிலும் ஈரமில்லை. நெற்றி வியர்வையைத் தொட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுக்கிறார். மனுவோடு கார் கிளம்புகிறது. அது நின்ற இடத்தில் சிமெண்ட் வெள்ளை வெளேரென்று காய்கிறது.