தண்டும் தழையும்

“பையைக் கொட்டு.”

பின்வாசலை மறித்துக்கொண்டு நின்றார் மேனேஜர். அவருக்குப் பின்னால் மாஸ்டரும், எதையும் வீணாக்காத ஓட்டல் என்று எழுத வந்த பத்திரிகைக்காரியும். சமையலறையைச் சுற்றிக்காட்ட வந்த இடத்தில், காய் நறுக்குகிறவள் கையும் களவுமாகச் சிக்கிவிட்டாள்.

அவள் அசையவில்லை. அவரே பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். காலிபிளவர் தண்டு, முள்ளங்கி இலை, பீட்ரூட் தழை. கூடவே, மடிப்புக் கலையாத அவளுடைய ஏப்ரன்.

“பாருங்க மேடம். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றா.”

“தண்டுக்கா இவ்வளவு கோபம்?”

“சும்மா தண்டுன்னு சொல்லாதீங்க. இங்க கூட்டம் வர்றதே இதுக்குத்தான்.”

போன வருஷம்வரை இதெல்லாம் குப்பைத்தொட்டிக்குத்தான் போனது. அவள் அள்ளிக்கொண்டுபோய் வதக்கிப் பிள்ளைகளுக்குப் போடுவாள். “வீட்ல எத்தனை ஆடு வளர்க்கிறே?” என்று இதே மேனேஜர் சிரித்திருக்கிறார். ஒருநாள் மாஸ்டர் அவள் சாப்பாட்டு டப்பாவில் கைவைத்து ருசி பார்த்தார். மறுவாரமே அது மெனுவில் ஏறியது. ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது என்று சுவரில் அறிவிப்பும் ஏறியது.

குப்பையாக இருந்தவரை அவளுடையது. காசுள்ளவன் நாக்கில் பட்டதும் ஓட்டல் சொத்து. அவள் பேர் மட்டும் எங்கேயும் ஏறவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லு.”

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

“போனாப் போகுது சார். இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க” என்றார் மாஸ்டர், பெரிய மனசோடு.

“மன்னிக்கிறதாவது. இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல. கிளம்பு.”

அவள் கீழே உட்கார்ந்து, சிதறியதை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தாள்.

“ஏய், அதை வெச்சிட்டுப் போ. அது எங்களோடது.”

வேலையே போய்விட்டது. இனி யார் மானத்தைக் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“உங்களோடது இல்ல சார். ராத்திரி விருந்துக்குப் பத்தலன்னு மாஸ்டர்தான் அனுப்பினார், சந்தைக் குப்பையில பொறுக்கிட்டு இப்பத்தான் உள்ள வர்றேன்.”